அழும் பிள்ளைக்கு ஒரு விதி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
சுறவம் 7 (20 சனவரி 2025)

அன்புத் தம்பி ஆனந்துக்கு,

தொலைபேசியில் பேசினால் நம் இருவர் குரலும் மேடை ஏறிவிடுகிறது. சென்ற மாதம் உன் மனைவி பெர்னதெத் இடையில் புகுந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டாள் அல்லவா? ஆகையால் நீ கேட்டுக்கொண்டபடி இனி மின்மடலே எழுதுகிறேன். பாரிசுப் புறநகரில் சரக்குக் கூடத்துப் பணி முடிந்து வந்து அமைதியாகப் படி.

நேற்று ஞாயிறு. ஆறு வயதுக்கு உட்பட்ட மழலையருக்கான நம் கால்பந்துத் தொடர் பள்ளித் திடலில் தொடங்கிற்று. நீ கடல் கடந்த நாள் முதல் வாசற்படி தாண்டாதிருந்த உன் மகள் பெனிஷா மீன்கொத்தி அணியின் நீலச் சட்டை அணிந்து திடலுக்குள் ஓடினாள். சட்டைக் கை அவள் முழங்கைக்கும் கீழே தொங்கிற்று. பெர்னதெத் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் ஆட்டத்தை அப்படியே குழந்தைக்குத் தருவது அப்பன் சட்டையை வெட்டாமல் பிள்ளைக்கு மாட்டுவது போலாகும். ஆகவே வெட்டினேன். அணிக்கு நால்வர் போதும் என்றேன். இலக்குக் காவலர் வேண்டா என்றேன்; ஐந்து வயதுப் பிள்ளையைக் கம்பங்களுக்கு நடுவே தனியே நிறுத்தினால் அது மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும், பந்து உள்ளே போனதும் பழி அதன் தலையில் விழும். தலையால் முட்டுதல் கூடாது என்றேன். கோடு தாண்டிய பந்தைக் கையால் எறியச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் தங்கள் கால் மேலேயே போட்டுக்கொள்ளும். ஆதலால் காலால் உதைத்தே உள்ளே விடுக என்றேன். எண்ணிக்கை இல்லை! தரவரிசை இல்லை! கோப்பை இல்லை! ஆட்டத்துக்கு நான்கு பங்கு. எந்தப் பங்கில் எந்தப் பிள்ளை ஆடும் என்பது முன்பே முடிவாகும். பங்கு முடியும்வரை எவரையும் மாற்றக் கூடாது. வலுத்த பிள்ளையை இறக்கி இளைத்த பிள்ளையை உட்காரவைக்கும் கயமைக்கு நம் திடலில் இடமில்லை. தொடர் முடியும்வரை, பயிற்றுநர் அனைவரும் ஒருமனதாக ஒப்பினாலன்றி இவற்றில் ஓர் எழுத்தும் மாறாது என்றும் எழுதிவைத்தேன்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஏழாம் விதி. என் சொந்தப் படைப்பு. "ஆட்டத்தினிடையே அழும் குழந்தையை வெளியே அழைத்து, வேறொரு குழந்தையை இறக்கலாம்." அழும் பிள்ளையை அள்ளி எடுக்காத சட்டம் என்ன சட்டம்?

இரும்புக்கடைக் கோவிந்தராசு ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"எத்தினி கோலுண்ணே?"

"எண்ணவில்லை ஐயா."

"எண்ணலன்னா அப்புறம் இன்னாத்துக்குண்ணே போடச் சொல்றீங்க?"

மேட்டுப்பாளையத் தொழிற்சாலை வாயில்களில் பேச்சாலேயே ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். இக்கேள்வி வந்ததும் ஊதலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உன் மகள் நீ சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் "பலோன், பலோன்" என்று பந்தைத் துரத்தினாள். மற்றப் பிள்ளைகள் யாரோ ஊதற்பலூன் கொடுப்பதாக எண்ணி நின்று மேலே பார்த்தன. பின்பு எதிரணிப் பெண் ஒருத்தியோடு கை கோத்துக்கொண்டு பந்துக்கு எதிர்த்திசையில் ஓடினாள். சிரித்தாள், தம்பி. ஓசை வரச் சிரித்தாள்.

உன் உடன்பிறவா அண்ணன்,
அருள்முருகன்


பாரிசுப் புறநகர்
26 சனவரி 2025

அருள் அண்ணனுக்கு,

உங்கள் மடலின் கடைசிப் பகுதியைப் பேருந்தில் வரும்போதெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஓசை வரச் சிரித்ததை எழுதினீர்களே, அதற்கு நன்றி. தொலைபேசித் திரையில் அவள் எனக்காகச் சிரிப்பது வேறு. குடும்பத்தை இங்கே வரவழைக்கும் தாள்கள் ஏதோ ஓர் அலுவலக மேசையில் கிடக்கின்றன. எந்த மேசை என்று கேட்டால் எவரும் சொல்வதில்லை. அதுவரை அவளை நான் உங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தத் திடல் ஒன்றுதான் அவளுக்கு இப்போது இருக்கிறது. அதை அவள் இழந்துவிடக் கூடாது, அண்ணா. நான் உங்களிடம் கேட்பது அவ்வளவுதான்.

ஏழாம் விதியைப் பற்றி ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு சிறு திடலில் மழலையருக்கு உதவியாக நிற்கிறேன். பிள்ளை அழுதால் ஆட்டத்தை நிறுத்துகிறோம். ஒருவர் போய்ப் பக்கத்தில் குந்துவார். மற்றப் பிள்ளைகள் அதுவரை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அழுகை ஓய்ந்ததும் அதே பிள்ளை அதே இடத்தில் ஆடும். மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

நீங்கள் எல்லா வாயிலையும் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். ஆளை மாற்ற விரும்புகிறவர் இனி அந்த வாயிலுக்குத்தான் வருவார். "இறக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை பிள்ளைக்கா, பயிற்றுநருக்கா? "குழந்தை தானே கேட்டால்" என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டால் போதும்.

தவறாக எண்ண வேண்டாம். உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை.

ஆனந்த்


நெல்லித்தோப்பு
சுறவம் 21 (3 பிப்ரவரி 2025)

அன்புத் தம்பிக்கு,

தகுதி இல்லை என்று சொல்லிக்கொண்டே நீ திருத்திய திருத்தம் என்னை இரண்டு நாள் சுட்டது. "இறக்கலாம்" என்ற சொல்லில் கருணை இருக்கிறது, கட்டளை இல்லை. கட்டளை இட எண்ணியிருந்தால் "இறக்குக" என்று எழுதியிருப்பேன். இதற்குக் கடும் மறுமொழி ஒன்று எழுதி முடித்தேன். நேற்றைய ஆட்டத்துக்குப் பிறகு அதை அனுப்ப மனம் வரவில்லை.

திடல் மாறிவிட்டது. எண்ணிக்கையை நாங்கள் எழுதவில்லை; வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் எழுதுகிறார்கள். புலனக் (வாட்சப்) குழு ஒன்றில் வாரந்தோறும் தரவரிசை வருகிறது. கோவிந்தராசு தம் தந்தை பெயரில் கோப்பை ஒன்று வாங்கிவிட்டார். தாம் பரிசு தருவதாகவும், அது விதியில் வராது என்றும் சொல்கிறார். அன்று கேட்ட கேள்விக்குத் தாமே விடை கண்டுவிட்டார்.

மீன்கொத்தி அணியின் பயிற்றுநர் பிரேம்குமாரை உனக்குத் தெரியாது. தட்டாஞ்சாவடியில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர். பிள்ளைகளுக்குத் தம் செலவில் கமலாப்பழம் வாங்கி வருகிறவர், கொடியவர் அல்லர். அவர் பெனிஷாவைப் பார்த்துக் கத்தினார்: "ஏ பெனிஷா! இன்னா மரம் மாரி நிக்கற? ஓடு! ஆடத் தெரிலன்னா வூட்டுக்குப் போ!" அவள் உதடு பிதுங்கிற்று. உடனே அவர் என் பக்கம் திரும்பிக் கை தூக்கினார்: "அழுவுது பாருங்கண்ணே! மாத்திக்கறேன்!" காலணி இறுக்கி ஆயத்தமாக நின்ற வேறொரு விரைந்த பிள்ளை உள்ளே பாய்ந்தது. நடுவன் நான், ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஒப்புதல் தந்தேன். விதி அப்படித்தான் சொல்கிறது.

அடுத்த பங்கில் எதிரணியிலும் ஒரு பிள்ளை அழுதது. அதையும் மாற்றினார்கள். மெதுவாக ஓடும் பிள்ளைதான் அழுகிறது, தம்பி. வேகமாக ஓடும் பிள்ளையை எவரும் அழவைப்பதில்லை.

ஆட்டம் முடிந்ததும் பிரேம்குமாரை ஒதுக்கி நிறுத்திக் கேட்டேன்.

"அழுதா மாத்தலாம்னு நீங்கதானண்ணே எழுதுனீங்க?"

"ஆறுதலுக்காக எழுதினேன், ஐயா."

"ஆறுதல்தாண்ணே. வெளிய உக்காந்து ஒரு பழம் உரிச்சிக் குடுத்தா தானா ஆறிடுது."

பெனிஷா அந்தப் பழத்தைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு திடலைப் பார்த்திருந்தாள்.

அருள்முருகன்


பாரிசுப் புறநகர்
6 பிப்ரவரி 2025

திரு. அருள்முருகன் அவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் எழுதியதற்கு முன்பே பெர்னதெத் சொல்லிவிட்டாள். நீங்கள் ஒரு ஞாயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஞாயிறு நடந்திருக்கிறது. முதல் முறை நீங்கள் கவனிக்கவில்லை போலும்; ஊதல் உங்கள் வாயில்தான் இருந்தது.

ஒரு பெரிய ஆள், ஐந்து வயதுப் பிள்ளையை அழவைத்து வெளியேற்றுகிறார். அதற்கு ஒரு விதி எண் இருக்கிறது. அந்த எண்ணை நீங்கள் கொடுத்தீர்கள். கருணை என்ற சொல்லை இனி எனக்கு எழுத வேண்டாம்.

பெனிஷா நேற்றுத் திரையில் என்னிடம் கேட்டாள்: "பா, அழாம எப்பிடிப்பா இருக்கறது?" எதற்கு என்றேன். "அழுதா எடுத்துடுவாங்க. எனக்கு ஆடணும்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிரேம்குமாரை நான் போய்ப் பார்க்க முடியாது. திடலின் ஓரத்தில் நிற்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நாக்க மேல ஒட்டி வச்சிக்கோ கண்ணு. மூக்கால மூச்சு வுடு. எங்கனா தூரமா இருக்கற ஒண்ணப் பாரு. அழுவ தானா உள்ள போயிடும்." இந்நாட்டுக்கு வந்த முதற்குளிர்காலத்தில் நான் கற்றது. அவள் திரைக்கு முன்னாலேயே செய்து பார்த்தாள். நன்றாகவே செய்தாள்.

ஏழாம் விதியை நீக்கிவிடுங்கள். ஒரு கையெழுத்துப் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜோசப் ஆனந்த்


நெல்லித்தோப்பு
கும்பம் 5 (17 பிப்ரவரி 2025)

தம்பி ஆனந்துக்கு,

நீ என்னைத் "திரு" என்று விளித்தாலும் நான் உன்னைத் தம்பி என்றே விளிப்பேன். அந்த உரிமையை நீ பறிக்க முடியாது.

கையெழுத்துப் போதாது. எல்லாப் பயிற்றுநரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும் என்று எழுதியவன் நானே. செல்வாக்குள்ளவர் எவரும் இடையில் புகுந்து விதியை வளைத்துவிடக் கூடாது என்று எழுப்பிய மதில் அது. இப்போது மதிலுக்கு வெளியே நான் நிற்கிறேன்.

பயிற்றுநர் கூட்டத்தைக் கூட்டினேன். பேசினேன், தம்பி. என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. "ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணீரைக் கருவியாக்கி வெல்லும் வெற்றி வெற்றியா? கத்திக் கத்தி ஒரு பிஞ்சைக் கலங்கடித்து, கலங்கியதையே காரணம் காட்டி வெளியேற்றும் நாம் பயிற்றுநரா, பகைவரா? இத்திடலில் குழந்தை அழலாம், அழுதுகொண்டே ஆடலாம், ஆடிக்கொண்டே அழலாம், அதை வெளியேற்றும் உரிமை எவனுக்கு உண்டு?" என்று கேட்டேன். கை தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். ஒருவர் என் கையைப் பற்றி, "கண்ணு கலங்கிடுச்சிண்ணே" என்றார். பிறகு, விதியை நீக்க ஒப்புபவர் கை தூக்குக என்றேன்.

தட்டிய கைகளில் ஒன்றும் எழவில்லை.

"சூப்பரா பேசுனீங்கண்ணே," என்றார் பிரேம்குமார். "ஆனா எல்லா டீமும் இப்பிடித்தான் ஆடுது. நான் மட்டும் வுட்டுக்குடுத்தா என் புள்ளைங்க தோத்துடும்ல?"

"எண்ணிக்கையே இல்லாத ஆட்டத்தில் தோல்வி ஏது?"

"அது உங்க பேப்பர்லண்ணே. புள்ளைங்களுக்கு வீட்ல கேக்கறாங்க."

நடுவர் பொறுப்பைத் துறந்துவிடலாம் என்று எண்ணினேன். துறந்தால் அந்த ஊதல் கோவிந்தராசு கைக்குப் போகும். ஆகவே நிற்கிறேன். நிற்பது ஒன்றுதான் என்னால் ஆவது.

ஆனால் ஒரு நற்செய்தி. உன் மகள் நேற்று அழவில்லை. பிரேம்குமார் கத்தினார், அவள் எங்கோ தொலைவில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றாள், பிறகு ஓடினாள். தன் பங்கு முழுவதும் ஆடினாள். அவர் மேலும் கத்தினார், பயனில்லை. இறுதியில் அவரே சிரித்துவிட்டு, "கெட்டிக்காரிப்பா இவ, அழவே மாட்டா" என்றார். பெற்றோர் கை தட்டினர். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மற்றச் சிறுபிள்ளைகளுக்கும் அவள் வாயைத் திறந்து நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வகுத்த சட்டத்தையும் என் சொற்பொழிவையும் வென்றுவிட்டாள் உன் மகள்.

அருள்முருகன்


பாரிசுப் புறநகர்
24 பிப்ரவரி 2025

அருள் அண்ணனுக்கு,

முன்மடலில் எழுதியதற்கு வருந்துகிறேன். உங்களிடம் அல்லாமல் நான் வேறு யாரிடம் சினம் கொள்வது? அலுவலக மேசையிடம் சினம் கொள்ள முடியாது.

அவள் முழுப் பங்கும் ஆடினாள் என்பதைப் படித்துவிட்டுச் சரக்குக் கூடத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். முன்பெல்லாம் தொலைபேசியை வைக்கும்போது அவள் அழுவாள். நானும் வைக்க மாட்டேன், அவளும் வைக்க மாட்டாள், பெர்னதெத்தான் வைப்பாள். இப்போது அவள் அழுவதில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு மேலே எதையோ பார்க்கிறாள். நல்லதுதான் என்கிறாள் பெர்னதெத். பிள்ளை தேறிவிட்டது என்கிறாள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

தாள்களைப் பற்றி விடை வந்துவிட்டது: இன்னும் சில தாள்கள் வேண்டுமாம்.

வரும் ஞாயிறுகளில் அவளைச் சற்று உற்றுப் பாருங்கள், அண்ணா. எதை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனந்த்


நெல்லித்தோப்பு
கும்பம் 26 (10 மார்ச் 2025)

தம்பி ஆனந்துக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் பெர்னதெத் உனக்குச் சொன்னது பாதிதான். அவள் அறிந்ததே அவ்வளவு. மீதியை அறிந்தவன் நான். எழுதியாக வேண்டும்.

நேற்றுக் கடைசி ஆட்டம். கோப்பை மேசைமேல் இருந்தது. இரண்டாம் பங்கில் பெனிஷா பந்தோடு வந்தாள். ஆம், அவளே பந்தைக் கொண்டு வந்தாள். எதிரணிப் பையன் ஒருவன் தடுக்கி அவள்மேல் விழுந்தான். அவள் கை அடியில் மாட்டிற்று. பையன் ஓவென்று அழுதான், அவனை மாற்றினார்கள். எல்லாக் கண்ணும் அவன்மீது இருந்தது. அவள் எழுந்து நின்றாள்.

நீ உற்றுப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். அருகே சென்று குனிந்து, "வலிக்குதா பாப்பா?" என்றும் கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. வாய் இறுக மூடியிருந்தது. மூக்கால் மூச்சு விட்டாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே தொட்டியைப் பார்த்தாள். நீ கற்றுக்கொடுத்ததை நீயே எனக்கு எழுதியிருந்தாய். நான் அறிவேன். அறிந்தும் ஆட்டம் தொடர ஊதலை ஊதினேன். ஏனெனில் அவள் அழவில்லை. அழாத பிள்ளைக்கு என் விதிகளில் இடம் இல்லை.

மீதிப் பங்கையும் அவள் ஆடினாள். வலக்கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஓடினாள். நீண்ட சட்டைக் கை அதை மறைத்துவிட்டது. பந்து கோட்டைத் தாண்டிற்று. உள்ளே விடும் முறை அவளுடையது. கையால் எறியும் பழைய விதி இருந்திருந்தால், எறிய முடியாமல் அப்போதே தெரிந்திருக்கும். அவள் காலால் உதைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் பெர்னதெத் பார்த்தாள். மருத்துவமனைக்கு நானும் ஓடினேன், பிரேம்குமாரும் வந்தார். முன்கை எலும்பு முறிந்திருந்தது. படத்தைப் பார்த்த மருத்துவர், "எப்ப விழுந்துச்சி? இவ்ளோ நேரம் அழவே இல்லியாம்மா?" என்று கேட்டார். பெர்னதெத் என்னைப் பார்த்தாள்.

கையை நேராக்கி மாவுக்கட்டுப் போட வேண்டும். பெர்னதெத் அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். அப்போது செவிலியர், நல்ல மனத்தோடுதான், அவள் தோளைத் தொட்டு, "இங்க நின்னு அழுவக் கூடாதும்மா, நீங்க வெளிய போயிடுங்க, அவுங்க நிக்கட்டும்" என்று என்னைக் காட்டினார். பெர்னதெத்தை வெளியே அனுப்பினார்கள். நான் உள்ளே இறங்கினேன்.

பெனிஷா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியக்கவில்லை. எதிர்க்கவில்லை. இப்படித்தானே நடக்கும் என்பது போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்டு முடியும்வரை ஓர் ஒலி எழவில்லை. "அழுடி, பாப்பா, அழு" என்று இரந்தேன். பேசத் தெரிந்தவன் என்று ஊர் சொல்லும் இந்த வாயால் ஒரு பிள்ளையை அழவைக்க முடியவில்லை.

இன்று காலை பயிற்றுநர் அனைவரும் வந்து ஏழாம் விதியை நீக்க ஒருமனதாக ஒப்பமிட்டார்கள். பிரேம்குமார் முதல் கையெழுத்து. தொடர் நேற்றே முடிந்துவிட்டது.

அருள்முருகன்


பாரிசுப் புறநகர்
16 மார்ச் 2025

அருள் அண்ணனுக்கு,

உங்கள்மீது எனக்குச் சினம் இல்லை. நீங்கள் ஒரு விதி எழுதினீர்கள். நான் அதற்கேற்ப ஒரு பிள்ளையைச் செய்தேன்.

விடுப்புக் கேட்டேன். வந்தால் தாள்கள் முதலிலிருந்து தொடங்கும் என்கிறார்கள். வரவில்லை.

நாள்தோறும் அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன். அந்த விதியை பெரியப்பா எடுத்துட்டாரு கண்ணு, இனிமே அழலாம், யாரும் எடுக்க மாட்டாங்க. "சரிப்பா" என்கிறாள். கட்டுக்குள் அரிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். தூங்கினாயா என்றால் ஆம் என்கிறாள். அவள் கட்டிலில் விழித்தபடியே கிடக்கிறாள் என்று பெர்னதெத் சொல்கிறாள்.

நேற்று அவள் கட்டின்மீது தோழிகள் வரைந்த பூவையும் மீனையும் திரைக்கு அருகே கொண்டுவந்து காட்டினாள். இடக்கையால் தொலைபேசியைப் பிடித்திருந்ததால் படம் ஆடிற்று. வலக்கையைத் தூக்கும்போது ஒரு கணம் அவள் முகம் கோணிற்று; உடனே சரியாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பார்த்துவிடக் கூடாதே என்று படத்தை அணைத்துவிட்டேன். செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மீண்டும் அழுத்தினேன், வேறெதையோ அழுத்திவிட்டேன்.

குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "மா, அப்பா அழுதாரு. போயிட்டாரு" என்று அவள் சொன்னாள். பெர்னதெத் ஏதோ கேட்டாள். "வருவாருமா, அடுத்த வாட்டி" என்றாள், தெளிவாக, அழாமல்.

ஆனந்த்